மேய்ச்சல் நிலத்திலும் சாலையோரத்திலும் கோகான் புல்: இனங்காணும் முறை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் மேய்ச்சல் நிலம், சாலையோரம், பைன் காடு மூன்றையும் ஒருசேரப் பிடித்துவரும் அயல்நாட்டுப் புல் கோகான். தாவரவியலில் அதன் பெயர் இம்பெராட்டா சிலிண்டிரிக்கா. அலபாமா, மிசிசிப்பி, புளோரிடா ஆகிய மாநிலங்களில் அது ஆழ வேரூன்றிவிட்டது. ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா, டெக்சஸ் முதலிய அண்டை மாநிலங்களிலும் திட்டுத் திட்டாகத் தென்படுகிறது. கூட்டரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருப்பதால், உரிய அனுமதியின்றி அதை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்லக் கூடாது. லிராய் ஹோமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1977இல் உலகின் மிகக் கொடிய களைகளை வரிசைப்படுத்தி வெளியிட்ட நூலில் இந்தப் புல்லுக்கு ஏழாவது இடம்.

தமிழருக்கு இது அறியாத புல் அன்று. சடங்குகளுக்குத் தர்ப்பை என்று வழங்கப்படும் புற்களில் இதுவும் ஒன்று. இலங்கையில் இலுக் என்ற பெயரில் கூரை வேயப் பயன்பட்டதும், தேயிலைத் தோட்டக்காரர்களைத் தொல்லைப்படுத்துவதும் இதே இனம்தான். அசாமின் காசிரங்காவிலும் நேபாளத்தின் சித்வானிலும் இது இயற்கைப் புல்வெளியின் உறுப்பு. சித்வானைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் ஆண்டுதோறும் கூரைக்காக இதை அறுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். ஆனால் பிறந்த மண்ணிலும் காட்டை வெட்டி எரித்த இடங்களில் அது கட்டுமீறியிருக்கிறது. இந்தோனேசியாவில் அலாங்-அலாங் என்று அழைக்கப்படும் இந்தப் புல் ஏறத்தாழ 85 லட்சம் எக்டேர் நிலத்தை மூடியிருந்ததாக 1990களில் கணக்கிடப்பட்டது.

அமெரிக்காவுக்குள் அது நுழைந்து பரவிய வழிகள் மூன்று. 1911-12 குளிர்காலத்தில் ஜப்பானிலிருந்து சட்சுமா ஆரஞ்சுக் கன்றுகள் அலபாமாவின் தென்மேற்கு மூலையிலுள்ள கிராண்ட் பே என்ற ஊருக்கு வந்தன. கன்றுகள் அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் திணித்திருந்தது இந்தப் புல். பெட்டியைப் பிரித்தவர்கள் புல்லை வெளியே கொட்டினார்கள். அது அங்கேயே தழைத்துக்கொண்டது. 1921 வாக்கில் மிசிசிப்பியின் மெக்நீல் ஆய்வு நிலையம் பிலிப்பைன்சிலிருந்து இதையே தீவனப் பயிராகத் தருவித்துப் பயிரிட்டுப் பார்த்தது. பிறகு புளோரிடாவில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இதை நட்டார்கள். 1949க்குள் அந்த மாநிலத்தின் நடுப்பகுதியிலும் வடமேற்கிலும் 1,000 ஏக்கருக்கு மேல் நிலைபெற்றுவிட்டது. மூன்று வழிகளில் முதலாவது மட்டுமே தற்செயல். மற்ற இரண்டும் நல்லெண்ணத்தோடு தெரிந்தே செய்யப்பட்டவை. தீவனம் என்று நம்பிக் கொண்டுவந்த புல்லை மாடு தின்னுமா என்ற கேள்விக்கு விடை தெரிவதற்குள் புல் வேலியைத் தாண்டிவிட்டது.

விடை பின்னால் தெளிவாகவே கிடைத்தது. இளங்குருத்தை மட்டுமே மாடு கடிக்கும். இலை முற்றியதும் அதன் விளிம்பில் ரம்பப் பற்கள் போன்ற நுண்முட்கள் கெட்டியாகிவிடும். இலைத் திசுவில் சிலிக்கா மிகுந்துவிடும். மாட்டின் உடலைத் தாங்குவதற்குத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதம் புரதம் வேண்டும். நிறைய உரம் இட்டு வளர்த்த போதும் கோகான் புல் அந்த அளவை அரிதாகவே எட்டியது. ஆகவே இந்தப் புல் புகுந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் மற்ற புற்களை ஒட்ட மேய்ந்துவிட்டு இதை விட்டுவைக்கின்றன. மேயப்பட்ட நல்ல புல் தளர, மேயப்படாத இது அந்த இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. சுற்றிலும் குட்டையாக மேய்ந்த தரையின் நடுவே, மாடு வாய் வைக்காத ஒரு பச்சைத் தீவு நிமிர்ந்து நின்றால் கால்நடை வளர்ப்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது கோகானைத்தான்.

அடையாளம் காண்பது தொலைவிலிருந்து தொடங்கி, படிப்படியாக நெருங்கி, கடைசியில் மண்ணுக்கடியில் முடிய வேண்டிய வேலை. எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது.

தொலைவில் தெரிவது திட்டின் வடிவமும் நிறமும். கோகான் புல் ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் நிலத்தடியில் பரவுகிறது. எனவே திறந்த வெளியில் திட்டு பெரும்பாலும் வட்டமாக இருக்கும். சாலையோரத்தில் இந்த வட்டம் சிதையும்: ஒரு பக்கம் தார்விளிம்பும் மறுபக்கம் வடிகால் பள்ளமும் தடுக்க, நீள்வட்டமாகவோ பட்டையாகவோ நீண்டு கிடக்கும். நிறம் மஞ்சள் கலந்த இளம்பச்சை. பக்கத்துப் புற்களின் கரும்பச்சைக்கிடையே வெளிறித் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். உரம் குறைந்த நிலத்தில் எந்தப் புல்லும் மஞ்சளிக்கும். மேலும், இதே இனத்தின் சிவப்பிலை வகை ஒன்று தோட்ட அழகுக்காக ஜப்பானிய ரத்தப் புல் என்ற பெயரில் விற்கப்பட்டது. அது மீண்டும் பச்சை இலைக்குத் திரும்பி வீரியத்தோடு பரவக்கூடியது என்பதால் சில மாநிலங்கள் அதன் விற்பனையையும் தடுத்துள்ளன.

நெருங்கிப் பார்க்கும்போது கண்ணில் படுவது தண்டின்மை. பெரும்பாலான உயரப் புற்களில் ஒரு தண்டு நிமிர்ந்து, அதன் கணுக்களிலிருந்து இலைகள் பிரியும். கோகானில் இலைகள் நேரே தரையிலிருந்தே புறப்படுவது போல் இருக்கும். தண்டு என்று சொல்லத்தக்கது பூக்கும்போது மட்டுமே வெளிப்படும். இலையின் நீளம் ஓரடி முதல் நாலடி வரை, அகலம் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை. விளிம்பில் விரலை நுனியிலிருந்து அடிநோக்கி மெதுவாக இழுத்தால் சொரசொரப்புத் தெரியும். வேகமாக இழுத்தால் தோல் அறுபடும்.

அடுத்தது நடுநரம்பு. கோகானை இனங்காணச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது இதைத்தான். வெண்மையான, பருத்த நரம்பு ஒன்று இலை முழுவதும் ஓடுகிறது. ஆனால் அது நட்டநடுவில் ஓடுவதில்லை. இலையின் ஒரு பாதி அகலமாகவும் மறுபாதி குறுகலாகவும் அமையும்படி நரம்பு ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். இந்த ஒதுக்கம் இலையின் அடிப்பகுதியில் நன்றாகவும் நுனியை நெருங்க நெருங்க மங்கலாகவும் தெரியும். ஓர் இலையைப் பார்த்து முடிவு செய்வது இங்கேதான் தவறாகிப் போகிறது. ஒரே திட்டில் சில இலைகளில் நரம்பு வெகுவாக ஒதுங்கியும், சிலவற்றில் ஏறத்தாழ நடுவிலும் இருக்கும். இளம் இலைகளில் வேறுபாடு கண்ணுக்குப் படாமலே போகலாம். திட்டின் பல இடங்களிலிருந்து முற்றிய இலைகளைப் பறித்து, கையில் வரிசையாக விரித்துப் பார்க்க வேண்டும். பலவற்றில் நரம்பு ஒதுங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒன்றிலுமே ஒதுங்கவில்லையென்றால் வேறு புல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் விடக் கூடாது. இலையும் இலையுறையும் சேரும் இடத்தில், விளிம்பில் மயிரிழைகள் கொண்ட மெல்லிய சிறு சவ்வு இருக்கும். அந்தக் கழுத்துப் பகுதியில் மயிர் காணப்படுவதும் உண்டு. கைலென்சு இல்லாதவர்கள் இதற்காகச் சிரமப்படத் தேவையில்லை.

பூங்கதிர் பார்ப்பவர் எவரையும் நிறுத்திவிடும். பட்டுப்போன்ற வெள்ளை மயிர் அடர்ந்த, கிளை விரியாத உருளைக் கதிர் அது. நீளம் இரண்டு முதல் எட்டு அங்குலம். இனப்பெயரில் உள்ள சிலிண்டிரிக்கா குறிப்பது இந்த உருளை வடிவத்தையே. மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் மார்ச்சில் தொடங்கி, வடக்கே போகப் போக மே வரை இது பூக்கும். தென்கிழக்கு மாநிலங்களின் சாலையோர உயரப் புற்களில் பெரும்பாலானவை கோடையிலோ இலையுதிர் காலத்திலோதான் கதிர் தள்ளும். ஆகவே இளவேனிலில் சாலையோரம் வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தால் அது மிக வலுவான அடையாளம். ஆனால் வெட்டுதல், தீ, உறைபனி, களைக்கொல்லி ஆகியவற்றால் அடிபட்ட திட்டு ஆண்டின் எந்தப் பருவத்திலும் பூக்கக்கூடும். பூவைப் பிரித்துப் பார்த்தால் மகரந்தத்தாள் இரண்டு இருக்கும். தெற்குப் புளோரிடாவில் குறிப்பிடப்படும் நெருங்கிய உறவான பிரேசில் இனத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் கூட்டரசின் களைப் பட்டியலில் உள்ளதால், இந்த நுணுக்கம் ஆய்வாளருக்கு வேண்டுமே தவிர நிலத்துக்காரருக்கு வேண்டியதில்லை.

ஒரு செடி 3,000 விதை வரை தரக்கூடும். பஞ்சோடு சேர்ந்த விதை காற்றில் எளிதில் பறக்கும். ஆனாலும் இந்தப் புல் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிப்பதில்லை. மரபில் வேறான இன்னொரு திட்டின் மகரந்தம் வந்து சேர வேண்டும். ஒரே கொடிவழியில் வந்த திட்டு தனித்துக் கிடக்கும்வரை பறப்பவை பெரும்பாலும் முளைக்காத பதர்களே. வேறொரு மூலத்திலிருந்து வந்த மற்றொரு திட்டு அருகில் வேர்கொண்ட நாளில் நிலைமை மாறிவிடும். ஒரு வட்டத்தை ஒற்றையாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்கு உள்ள மதிப்பு இதனால்தான்.

சந்தேகத்தை முடிவாகத் தீர்ப்பது மண்ணுக்கடியில் இருக்கிறது. கோகான் செடியின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் நிலத்தடித் தண்டாகவே இருக்கக்கூடும். விவசாயிகள் வேர் என்று சொன்னாலும், பாடநூல்கள் மட்டநிலத்தண்டு என்று அழைக்கும் உறுப்பு அது. கையால் இழுத்தால் இலை மட்டும் பிய்ந்து வரும். மண்வெட்டியால் அரையடி ஆழம் வெட்டி எடுக்க வேண்டும். கட்டியை உதிர்த்தால் வெள்ளையாக, நெருக்கமான கணுக்களோடு, கணுவுக்குக் கணு காகிதம் போன்ற செதில் போர்த்த தண்டுகள் பின்னிக் கிடக்கும். நுனி ஊசிபோல் கூராக இருக்கும். மற்றச் செடிகளின் வேர்களையும் கிழங்குகளையும் அது துளைத்துச் சென்றிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேலே இலை எப்படி இருந்தாலும், பருவம் எதுவாக இருந்தாலும், அடியில் இந்த வெள்ளைக் கணுத்தண்டும் கூர்நுனியும் செதிலும் சேர்ந்து கிடைத்தால் இனம் ஏறத்தாழ உறுதி. தோண்டியவர் செய்ய வேண்டிய இன்னொன்று உண்டு: பெயர்த்த துண்டுகளை அங்கேயே வீசாமல் பையில் கட்டி, காலணியிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணை அந்த இடத்திலேயே தட்டிவிட வேண்டும். கணு உள்ள சிறு துண்டு ஒன்று போதும், இன்னொரு திட்டு முளைக்க.

கோகானோடு குழப்பிக்கொள்ளும் புற்களில் ஜான்சன் புல் முதன்மையானது. அதுவும் அயல்நாட்டுக் களைதான். 1840 வாக்கில் அலபாமாவில் அதைப் பயிரிட்ட வில்லியம் ஜான்சன் என்பவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அகன்ற இலை, வெள்ளை நடுநரம்பு, நிலத்தடித் தண்டு எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் நரம்பு சரியாக நடுவில் ஓடும். ஆளுயரத்துக்கு மேல் போகும் தெளிவான தண்டு உண்டு. கதிர் கிளைகளாக விரிந்து செந்நிறம் காட்டும். அதன் நிலத்தடித் தண்டு பருத்துச் சதைப்பற்றாக இருக்கும். அது சோளத்தின் இனம் ஆகையால், உறைபனியிலோ வறட்சியிலோ வாடித் துளிர்த்த பயிரில் சயனைடு நஞ்சு ஏறி மாட்டைக் கொல்லும். இளஞ்சோளத்தில் மாடு மேய விடாத தமிழ்நாட்டு உழவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டுக்காரருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது ஆகவே இரட்டிப்பாக முக்கியம்.

சாலையோரங்களில் வேஸி புல் என்ற தென் அமெரிக்கப் புல் மிகுதி. அது குத்துக் குத்தாக வளரும். தண்டின் அடியில் மயிர் அடர்ந்திருக்கும். கதிரில் பல கிளைகள் சாய்ந்து தொங்கும். நெடுந்தூரம் ஓடும் நிலத்தடித் தண்டு இல்லை. வெள்ளிக் கதிர்ப்புல் எனத் தக்க கரும்பின உள்நாட்டுப் புல்லும் வெண்பட்டுக் கதிர் தள்ளுவதால் பலரை ஏமாற்றுகிறது. அது இலையுதிர் காலத்தில் பூப்பது, ஆளுயரத்தைத் தாண்டும் தண்டுடையது, தூராக நிற்பது. அது அமெரிக்க மண்ணுக்கே உரிய புல். கோகான் என்று நினைத்து அதற்குக் களைக்கொல்லி அடிப்பது, களைக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதாகும். வாலான் தினைப் புற்களில் கதிர் மயிர் விறைப்பாக இருக்கும். கோகானின் மயிர் பஞ்சுபோல் மென்மையானது.

குளிர்காலத்தில் இலையும் பூவும் உதவாது. உறைபனி பட்டதும் கோகான் வைக்கோல் நிறமாகி, விழாமல் நின்றபடியே காயும். அதே காலத்தில் துடைப்பப் புல் எனப்படும் உள்நாட்டுப் புல்லும் காய்ந்து நிற்கும்; ஆனால் அது செம்பு நிறத்தில் தனித்தனிக் குத்துகளாக நிற்கும், இடையில் வெறுந்தரை தெரியும். கோகான் திட்டில் இடைவெளி இராது. இந்தக் காய்ந்த விரிப்புதான் காட்டுக்கு ஆபத்து. தென்கிழக்கின் நீளிலைப் பைன் மரம் அவ்வப்போது தரைத்தீ ஓடும் காட்டில் வாழப் பழகியது. அதன் இளங்கன்றுகூடச் சாதாரணத் தரைத்தீயைத் தாங்கும். கோகான் எரியும்போது எழும் தீ உயரமும் சூடும் மிக்கது. அதில் பைன் கன்றுகள் மடிகின்றன. புல்லோ நிலத்தடித் தண்டிலிருந்து சில வாரங்களில் மீண்டும் தழைக்கிறது.

சாலையோரத்தில் இது பரவும் வழி பெரும்பாலும் மனிதர் கையில்தான் இருக்கிறது. மேடு போடக் கொண்டுவந்து கொட்டும் மண், நிலம் சமப்படுத்தும் இயந்திரத்தின் தகடு, மின்கம்பிப் பாதைகளைத் துப்புரவு செய்யும் வண்டிகள், புல்வெட்டும் இயந்திரங்கள், கட்டிவைத்த வைக்கோல் ஆகியவை நிலத்தடித் தண்டையும் விதையையும் கிலோமீட்டர் கணக்கில் எடுத்துச் செல்கின்றன. எனவே தாவரவியல் படித்தவர்களைவிட இயந்திர ஓட்டுநர்களுக்கும் சாலைப் பணியாளர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் மேற்சொன்ன அடையாளங்கள் தெரிந்திருப்பதே அதிகப் பயன் தரும். திட்டுகளை நாள்தோறும் கடந்து செல்பவர்கள் அவர்கள்தாம்.

கண்டுபிடித்த பின் செய்ய வேண்டியவை சில. இலை, கதிர், கழுவிய நிலத்தடித் தண்டு மூன்றையும் அளவு தெரியும்படி படமெடுத்து, இடத்தைக் குறித்து, அந்தந்தக் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கோ மாநில வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். ஜார்ஜியாவில் மாநில வனத்துறையே நிலத்துக்காரரிடம் கட்டணம் வாங்காமல் மருந்து தெளித்துக் கொடுத்துவந்திருக்கிறது. அந்த மாநிலம் மற்றவற்றுக்கு வழிகாட்டுகிறது என்றே சொல்ல வேண்டும். பயன் தருபவையாக நிலைபெற்ற களைக்கொல்லிகள் கிளைபோசேட், இமாசாபிர் என்ற இரண்டே. உறைபனிக்கு முந்தைய இலையுதிர் காலத் தெளிப்பு, நிலத்தடித் தண்டுவரை மருந்தைக் கொண்டுசேர்க்கிறது. ஒருமுறை அடித்துப் புல் காய்ந்ததைக் கண்டு நிம்மதியடைவது தவறு. இரண்டு, மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்துத் தெளிக்க நேரும். இமாசாபிர் மண்ணில் தங்கி அருகிலுள்ள அகன்ற இலை மரங்களைக் கொல்லக்கூடும். கிளைபோசேட் மேய்ச்சல் புல்லையும் சேர்த்தே அழிக்கும். ஆகவே அழித்த இடத்தை வெறுந்தரையாக விடாமல் நல்ல புல் விதைக்க வேண்டும். ஒரு மேசையளவுத் திட்டுக்கு இது ஒருவர் வேலை. ஏக்கர் கணக்கில் பரவியபின் பெருஞ்செலவு.

பூத்து நிற்கும் கோகான் திட்டுக்குள் புல்வெட்டும் இயந்திரத்தை இறக்க வேண்டாம். தெரியாமல் இறங்கிவிட்டால், அங்கிருந்து நகர்த்தும் முன் தகட்டிலும் சக்கரத்திலும் உள்ள மண், விதை, தண்டுத் துண்டு எல்லாவற்றையும் அதே இடத்தில் சுரண்டிக் கழுவிவிட வேண்டும்.